மாமா, இப்ப?

என் அக்காவைப் படுக்கவைக்கத்தான் அந்தக் கருவியைச் செய்தேன். விஞ்ஞானத்துக்குத் தொண்டு செய்கிற உத்தேசமெல்லாம் எனக்குக் கிடையாது. ஏழாவது மாதம், கர்ப்பப்பை வாய் பலவீனம், பிரசவம் வரைக்கும் எழுந்து நடமாடக் கூடாது, மாடிப்படி இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். அக்கா எல்லாவற்றுக்கும் சமர்த்தாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை, படியிறங்கி வந்து அடுப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீழே பேக்கரி, மேலே வீடு. பேக்கரி அக்கா தனி ஆளாக நின்று தூக்கி நிறுத்தியது. வயிற்றில் இருப்பது கல்யாணமாகி எத்தனையோ வருஷம் காத்திருந்து, இனி இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்தது. இரண்டில் எதையும் அவளால் விட முடியவில்லை. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அக்கா எனக்கு வைத்திருக்கும் பெயரே பட்டாசு.

அடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத்துக்கு ஒரு மின்சார அடுப்பு. இரும்புக் கதவு, கண்ணாடி கிடையாது, உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. கதவுக்கு மேலே சுண்டைக்காய் அளவில் ஒரே ஒரு விளக்கு. வெந்துகொண்டிருக்கும்வரை சிவப்பாக எரியும். வெந்து முடிந்ததும் அதே விளக்கு பச்சையாக மாறும். கூடவே மணி அடிக்க வேண்டும், ஆனால் மணி செத்துப்போய் மாதக்கணக்காகிறது. முறைப்படி அதைச் சரிசெய்ய வேண்டிய மெக்கானிக் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று காதில் பூச்சுற்றிக்கொண்டிருந்தார். நானே திறந்து பார்க்கலாமென்றால் சீல் உடைந்துவிடும், உத்தரவாதம் போய்விடும். ஆகவே விளக்குப் பச்சையாகிவிட்டதா என்று ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் இப்போது மாமா.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அக்காவுக்காக நீண்ட விடுப்பு போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தவர். தங்கமான மனிதர், ஆனால் அடுப்பு விஷயத்தில் என்ன காரணமோ விளங்கவே இல்லை. அவர் பார்த்துக்கொண்ட நாளெல்லாம் பன் நடுவில் அமுங்கிப்போய் வந்தது. வேகும்போது கதவைத் திறந்தால்தான் அப்படி அமுங்கும். திறந்தீர்களா என்று அக்கா கேட்டால், இல்லவே இல்லை என்று பச்சைப் பொய் சொல்வார், காதுமடல் துடிக்கும். அக்கா பெருமூச்சுவிட்டுப் படியிறங்குவாள். கவனமே இல்லாத ஆள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஒருமுறை வகுப்பு முழுவதன் பரீட்சைத் தாளையும் சிவப்பு மையென்று நினைத்துப் பச்சை மையில் திருத்திக் கொடுத்தவர்தானே.

ஆனால் அக்காவுக்கு அவர்மேல் கோபமே வராது. அதற்கு ஒரு கதை உண்டு, கடைக்கு வரும் எல்லோருக்கும் அது மனப்பாடம். மாமா முதல்முதலாக ரொட்டி வாங்க வந்தபோது அக்கா கல்லாவில் நின்றிருந்தாள், செக்கச்செவேலென்று ஒரு ஏப்ரன் கட்டியிருந்தாள். மாமா அதைப் பார்த்துவிட்டு முகத்தில் சிரிப்பே இல்லாமல், "இந்தப் பச்சை உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாராம். அக்கா சிரித்த சிரிப்பில் மீதிச் சில்லறை கொடுக்க மறந்துவிட்டாள். இவ்வளவு குறும்புக்காரன் கூட இருந்தால் வாழ்நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்கலாம் என்று அன்றைக்கே தீர்மானித்தாளாம். அந்த ஏப்ரன் இன்னும் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

நான் இரண்டு தெரு தள்ளி செல்போன், ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் கிடந்தது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, தீப்பெட்டி அளவுப் பலகை, நாம் எழுதிக் கொடுக்கிறபடி நடந்துகொள்ளும் குட்டிக் கணினி. அதோடு ஒரு ஒளி சென்சார். வெளிச்சம் எவ்வளவு விழுகிறதென்று அது ஓர் எண்ணாகச் சொல்லும். அடுப்பைத் திறக்க வேண்டாம், விளக்கின்மேல் கறுப்புக் காகிதத்தில் ஒரு சின்னக் குழாய் ஒட்டி அதற்குள் சென்சாரை வைத்தால் போதும். அங்கிருந்து மாடிக்கு ஒரு நீளக் கம்பி. மாடியில் அக்கா தலைமாட்டில் ஒரு பலகை, அதில் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. அடுப்பில் எது எரிகிறதோ அது மேலேயும் எரியும். அக்கா படுத்த இடத்திலிருந்தே பார்த்துப் போனில் மாமாவுக்குச் சொல்லலாம்.

ஒரே ஒரு சிக்கல். என் சென்சாருக்கு நிறம் தெரியாது. வெளிச்சம் கூடுதலா குறைவா என்பது மட்டும்தான் தெரியும். இந்த அடுப்பு விளக்கு ஒரு நிறத்தைவிட இன்னொரு நிறத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் மங்கலாக எரிந்தது, ஆகவே இரண்டு வேறு வேறு எண்கள் வந்தன. எந்த எண் எந்த நிறம் என்று யாராவது ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். நானே பார்த்திருக்கலாம். ஆனால் மாவுத் தூசி பட்டால் எனக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் லேசில் விடாது. குழாயை ஒட்டிவிட்டு வருவதற்குள்ளேயே கண்ணும் மூக்கும் ஒழுகி, முகம் வீங்கிப்போனது. அதனால் கம்பியை அடுத்த அறைவரை இழுத்து, லேப்டாப்போடு அங்கே உட்கார்ந்துகொண்டேன். தும்மலுக்கு நடுவே மாமாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் கூப்பிடறப்பல்லாம் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, போதும்."

மாமா பன் தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் விட்டு, "மாமா, இப்ப?" என்று கத்தினேன். சற்றுப் பொறுத்து, "பச்சை" என்று பதில் வந்தது. எது முதலில் எரியும் என்று யோசிக்கத் தும்மல் விடவில்லை, திரையில் வந்த எண்ணைப் பச்சை என்று குறித்தேன். பிறகு மறுபடி கேட்டேன். "இன்னும் பச்சைதாம்மா" என்றார். எண்ணும் மாறவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து எண் தாவியது. "மாமா, இப்ப?" என்றேன். "நல்லாச் செவந்துடுச்சு" என்றார். அந்த எண்ணைச் சிவப்பு என்று எழுதி முடித்துவிட்டு, என்னைப்போல உண்டா என்று கையைத் தட்டி எழுந்தேன். அன்றைக்கும் பன் அமுங்கித்தான் இருந்தது. வழக்கமான சங்கதிதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அரங்கேற்றம். அக்கா தலையணைகளில் சாய்ந்து ராணிபோல் உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில். கதவை யார் சொன்னாலும் திறக்கக் கூடாது, தான் சொன்னால் மட்டும்தான் திறக்க வேண்டும் என்று அவள் மாமாவிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். மாமா கீழே தட்டை உள்ளே தள்ளினார். உடனே மேலே பச்சை எரிந்தது. அக்கா திகைத்தாள், இருந்தாலும் போனில் எடுக்கச் சொன்னாள். எடுத்தால் அத்தனையும் பச்சை மாவு, விரல் வைத்தால் ஒட்டுகிறது. திரும்ப வைக்கச் சொன்னாள். வெகுநேரம் கழித்துச் சிவப்பு எரிந்தது. சரி, இப்போதுதான் வேகத் தொடங்கியிருக்கிறது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். மாமா போன்மேல் போன் போட்டு ஒரு வாசனை வருகிறது என்றார். சிவப்பு எரியும்போது திறக்கவே கூடாது என்று அக்கா அதட்டினாள். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர், திறக்கவில்லை.

புகை படியேறி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். கர்ப்பிணி அவ்வளவு வேகமாக நடப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பாதிப் படியில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் மாமா கரிந்த தட்டைக் கையுறையோடு போட்டுவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கினார். நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் வந்து பார்க்கிறவரைக்கும் மாமா அக்காவின் கையை விடவில்லை.

ஒன்றும் ஆகவில்லை. குழந்தையின் இதயம் டக்டக்கென்று கேட்டது, வலியும் அடங்கிவிட்டது. ஆனால் டாக்டரம்மா கைப்பையை மூடிக்கொண்டே, இன்னொரு தடவை படியில் கால் வைத்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடுவேன், பிரசவம் முடிந்துதான் வீடு என்றார். இன்னொரு தடவை அதிர்ஷ்டம் இருக்கும் என்று அவரால் சொல்ல முடியாதாம். அவர் தெரு முனை தாண்டியிருக்க மாட்டார், அக்கா கூரையைப் பார்த்தபடி பேசினாள். நாளைக்கு மாமாவின் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழா, பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பன், நான் ஒப்புக்கொண்டது. கருவியை நம்ப முடியாது, இவரையும் நம்ப முடியாது. நாளைக்கு மட்டும் நான் இறங்குகிறேன் என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை. கீழே போய் சென்சாரைப் பிடுங்கினேன், புதுசு மாட்டினேன், கம்பியை மாற்றினேன், ஒன்றுவிடாமல் மறுபடி பற்றவைத்தேன். எண்கள் மாறவே இல்லை, பழைய எண்களேதான். சென்சார் சரி, கம்பி சரி, புரோகிராம் சரி. அப்படியானால் பழுது எங்கே? மூக்கில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வருவது வரட்டும் என்று அடுப்பறைக்குள்ளேயே போய் நின்றேன். மாமா அசடுவழிய ஒரு தட்டை உள்ளே வைத்தார். காகிதக் குழாயைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு, கண்ணைக் குத்துகிற சிவப்பு.

"மாமா, இப்ப?" என்றேன், பரீட்சை வைக்கிற மாதிரி.

மாமா நேராகப் போய் அடுப்புக் கதவைத் திறந்தார். ஒரு குச்சியைப் பன்னில் குத்தி எடுத்துப் பார்த்தார். "பச்சை" என்றார்.

எனக்குத் தும்மல் நின்றுவிட்டது. நான் விளக்கைக் கேட்டேன், மனிதர் பன்னைச் சொல்லியிருக்கிறார். வேகாத பன் பச்சை, வெந்த பன் சிவந்துவிட்டது. நான் அதை அப்படியே விளக்கின் தலையில் கட்டி, தலைகீழாக எழுதி வைத்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். சிரிப்பு வேறு வந்தது. விளக்கு என்று நீ சொல்லவே இல்லையே, எப்படி இருக்கிறது என்றுதானே கேட்டாய் என்று மாமாவும் பாவமாகச் சிரித்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் சிரித்து முடிக்கும்போது ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"மூக்குக்கு நேரா லைட் எரியுது. அதைப் பாக்காம ஏன் மாமா கதவைத் தொறக்கறீங்க? அக்கா தலைபாடா அடிச்சுக்கறாளே."

மாமா கையுறையைக் கழற்றி மாட்டினார், மறுபடி கழற்றினார். இப்போது என்ன எரிகிறதென்று சொல்லுங்கள் என்று குழாயைத் தூக்கிக் காட்டினேன். அவர் விளக்கை உற்றுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பச்சைன்னு சொன்னா, பாதிக்குப் பாதி சரியா இருக்க வாய்ப்பிருக்கு" என்றார் கணக்கு வாத்தியார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்குப் பிறவியிலிருந்தே சிவப்பும் பச்சையும் ஒன்று. இரண்டும் ஒரே கலங்கல் நிறம். தெருவில் சிக்னலை மேல் விளக்கா கீழ் விளக்கா என்று பார்த்துச் சமாளிப்பார், தக்காளியை அமுக்கிப் பார்ப்பார், பேனாவில் மட்டும் ஒருமுறை மாட்டிக்கொண்டார். இந்த அடுப்பில் இரண்டு நிறமும் ஒரே இடத்தில் எரிந்தால் அவர் என்ன செய்வார்? கதவைத் திறந்து குத்திப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இதை அக்காவிடம் சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று நான் பொரிந்தேன். மாமா சுவரைக் காட்டினார். அங்கே ஏப்ரன் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவர் கேலியே பண்ணவில்லையாம். நிஜமாகவே பச்சை என்றுதான் நினைத்தாராம். அக்கா ஏன் சிரிக்கிறாள் என்றுகூட அவருக்குப் புரியவில்லை. வெகுகாலம் கழித்து, அவள் யாரிடமோ கதை சொல்லும்போதுதான் தெரிந்ததாம். அதற்குள் கல்யாணமே ஆகிவிட்டது. "அந்த ஒரு ஜோக்குக்காகத்தான் என்னைக் கட்டிக்கிட்டா. அதுவும் ஜோக் இல்லன்னு எந்த வாயால சொல்வேன்?" என்றார்.

எனக்குத் திட்டத்தான் தெரியும், ஆறுதல் சொல்லத் தெரியாது. இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட வரவில்லை. "என் சென்சாருக்கும்தான் கலர் தெரியாது, மாமா. நான் அதைத் தூக்கியா போட்டுட்டேன்? பக்கத்துல நின்னு சொல்ல ஒரு ஆள் வேணும், அவ்வளவுதானே" என்றேன். சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு வார்த்தைகளை இடம் மாற்றினால் புரோகிராம் சரியாகிவிடும். மாற்றினேன். ஆனால் அக்காவை நம்பவைக்க என் புரோகிராமால் ஆகாது. அது மாமாவுக்கும் தெரிந்திருந்தது. கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு மாடிக்கு ஏறினார்.

நான் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒட்டுக்கேட்கவில்லை, கதவு திறந்துதான் இருந்தது. மாமா கட்டிலோரம் உட்கார்ந்து, பாடம் நடத்துகிற மாதிரி வரிசையாகச் சொன்னார். நிறம் தெரியாது என்பதைச் சொன்னார். கதவைத் திறந்தது தான்தான் என்பதைச் சொன்னார். கடைசியில் குரல் இறங்கிப்போய், அந்த ஏப்ரனைச் சொன்னார். அக்கா தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அது ஜோக் இல்லையா?" என்றாள்.

"இல்ல. பச்சைன்னுதான் நினைச்சேன். ஆனா நல்லா இருக்குன்னு சொன்னது நிஜம்."

அக்காவின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். பீறிட்டு வந்தது சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொன்னேனே, குறும்புக்காரன் குறும்புக்காரன் என்று சொன்னேனே என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். வயிறு குலுங்குவதைப் பார்த்து எனக்குத் திக்கென்றது, டாக்டரம்மா குலுங்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறார், இரண்டு பேரும் நிறுத்துங்கள் என்று கத்தினேன். மாமாவும் சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் கன்னமும் நனைந்திருந்தது. சிரித்து ஓய்ந்ததும் அக்கா அவர் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"நீங்க கவனமில்லாம இருக்கீங்கன்னு நினைச்சுதான் இறங்கி இறங்கி வந்தேன். முன்னாடியே சொல்லியிருந்தா நிம்மதியாப் படுத்திருப்பேன்ல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏய் பட்டாசு, அதை இங்க வை. இனிமே லைட்டை நான் பாக்கறேன், பன்னை அவர் பாக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து அடுப்பு அணையவே இல்லை. மேலே சிவப்பு எரியும்போது அக்கா படுத்தபடி கொட்டாவி விட்டாள், பச்சை வந்ததும் போனில் எடுங்கள் என்றாள். கதவு அதற்கு முன்னால் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. பன் ஒவ்வொன்றும் கும்மென்று எழும்பி வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன கூடைகள் காலியாகத் திரும்பின. அக்கா படிப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும். தனக்கும் பச்சை எரிகிறவரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது என்று வயிற்றைத் தட்டித் தட்டி உள்ளே இருப்பதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்ததும் சொன்ன பேச்சைக் கேட்டது. நாள் நிறைந்துதான் வலி எடுத்தது. அன்றைக்கு பேக்கரியைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். மாமாவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணாந்து பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதவுக்கு மேலே ஒரே ஒரு விளக்கு. மாமாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எரியுது?" என்றார் மெதுவாக.

"சிவப்பு, மாமா."

கொஞ்சம் விட்டு மறுபடி கேட்டார். சிவப்புதான் என்றேன். அப்புறம் கணக்கில்லாமல் கேட்டார். வேறு சமயமாக இருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்துப் பதில் சொன்னேன். பக்கத்தில் நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று சொன்னவள் நான்தானே. நடுவில் அக்காவின் குரல் ஒன்று கதவைத் தாண்டி வந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் சில்லிட்டிருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு கதவு திறந்தது. நர்ஸ் வந்தார், கையில் வெள்ளைத் துணிச் சுருள், அதற்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு முகம். அம்மாவும் நன்றாக இருக்கிறார், பெண் குழந்தை என்றார். மாமா காதில் அது விழுந்ததா இல்லையா தெரியவில்லை. மனிதர் இன்னும் அந்த விளக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப?" என்றார்.

"பச்சை" என்றேன்.

"லைட்டா?"

"குழந்தை, மாமா. பச்சைக் குழந்தை. கீழ பாருங்க."

மாமா குனிந்து பார்த்தார்.